ஷாக் அப்சார்பரை மாற்றினால் வேன் உயருமா? உயர்த்தும் முன் போட வேண்டிய கணக்குகள்

வேகத்தடையில் அடிப்பாகம் உரசுகிறது, முழுச் சுமை ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. இப்படிச் சொல்லிக்கொண்டு வேனைப் பட்டறைக்குக் கொண்டுபோகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஷாக்கை மாத்தி ஏத்திடலாம்" என்பதுதான். நீளமான ஷாக் அப்சார்பர், அடியில் ஒரு இரும்புத் துண்டு, ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர் என்று பல வழிகள் சொல்லப்படுகின்றன. எல்லாம் ஒரே வேலையைச் செய்வதுபோல் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றும் வேறு வேறு விளைவைத் தருகிறது. சில வழிகளில் வேன் உயரவே உயராது. வேறு சிலவற்றில் வேன் உயரும், ஆனால் பிரேக் பலவீனமாகும்.

இந்தியச் சாலைகளில் பரவலாக ஓடும் மாருதி ஈக்கோ, அதற்கு முன்பிருந்த ஆம்னி, இலங்கையில் வாடகைக்கும் சுற்றுலாவுக்கும் ஓடும் டொயோட்டா ஹையேஸ் 'கேடிஎச்' ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்வோம். மூன்றின் அடிப்பாக அமைப்பும் வேறு வேறு என்பதால், உயர்த்தும் வழியும் வேறுபடுகிறது.

எது தாங்குகிறது, எது அடக்குகிறது

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது சுருள் ஸ்பிரிங்காக இருக்கலாம், பட்டை ஸ்பிரிங்காக இருக்கலாம், முறுக்குக் கம்பியாகவும் இருக்கலாம். பாடி எந்த உயரத்தில் நிற்கும் என்பதை அதுவே முடிவு செய்கிறது.

ஷாக் அப்சார்பரின் வேலை வேறு. பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்பிரிங் தன்பாட்டில் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதற்காக, எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. பிஸ்டனிலுள்ள சிறு வால்வுகள் வழியாக எண்ணெய் நெருக்கிப் போகும்போது அசைவின் ஆற்றல் வெப்பமாகிறது. பிஸ்டன் வேகமாக நகர்ந்தால் எதிர்ப்பு அதிகம். நகராமல் நின்றால் எதிர்ப்பே இல்லை. நின்றுகொண்டிருக்கும் வண்டியை எண்ணெய் ஷாக் அப்சார்பர் தாங்குவதே இல்லை என்பதற்கு இதுவே காரணம்.

புது ஷாக் போட்டதும் கொஞ்சம் உயர்ந்ததே, எப்படி?

இதுவும் பொய்யல்ல. இன்றைய ஷாக்குகள் பலவற்றில் நைட்ரஜன் வாயு அழுத்தத்தோடு அடைக்கப்படுகிறது. அந்த அழுத்தம் பிஸ்டன் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். எவ்வளவு தள்ளும் என்று கணக்குப் பார்க்கலாம். தண்டின் விட்டம் 12.5 மில்லிமீட்டர் என்றால் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 123 சதுர மில்லிமீட்டர். இரட்டைக் குழாய் வகையில் அழுத்தம் 5 பார் அளவில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) இருந்தால் தள்ளுவிசை சுமார் 6 கிலோ. ஒற்றைக் குழாய் வகையில் 25 பார் இருந்தால் சுமார் 31 கிலோ. மில்லிமீட்டருக்கு 3 கிலோ தாங்கும் ஸ்பிரிங்கின் மேல் இவை தரும் உயர்வு முறையே 2, 10 மில்லிமீட்டர். சாதாரண ஷாக் மாற்றத்தால் கிடைப்பது இவ்வளவுதான்.

காற்று நிரப்பும் ஷாக், மேலே துணைச் சுருள் சுற்றிய ஷாக் ஆகிய இரண்டும் இதற்கு விதிவிலக்கு. இவை உண்மையாகவே எடையைத் தாங்கும். ஆனால் ஷாக்கை மாட்டும் போல்ட்டும் பிராக்கெட்டும் ஆட்டத்தை அடக்கும் விசைக்காகச் செய்யப்பட்டவை, நாள் முழுக்கச் சுமையைத் தாங்குவதற்காக அல்ல. பிராக்கெட்டின் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விழுவது இப்படித்தான் தொடங்குகிறது.

தரையில் உரசுவது எந்தப் பாகம்?

பணம் செலவழிக்கும் முன் வேனுக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டிய கேள்வி இது. உரசல் தடம் எங்கே இருக்கிறது?

ஈக்கோவிலும் ஆம்னியிலும் பின்சக்கரங்கள்தான் இழுவை. இரண்டையும் இணைப்பது ஒரே திடமான அச்சு. அதன் நடுவே உருண்டையாகத் தொங்குவது டிஃபரன்ஷியல் கூடு, அதாவது இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரங்களின் கூடு. ஸ்பிரிங்குக்கு என்ன செய்தாலும் பாடிதான் மேலே போகும். அச்சு சக்கரத்தோடு பிணைந்தது, அது இருந்த இடத்திலேயே இருக்கும். உரசல் தடம் டிஃபரன்ஷியல் கூட்டில் இருந்தால் ஸ்பிரிங், ஷாக், பட்டை என்று எதை மாற்றினாலும் தரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட அதிகரிக்காது. அந்த இடைவெளியைக் கூட்ட இருக்கும் ஒரே வழி பெரிய டயர்.

பெரிய டயருக்கும் விலை உண்டு. ஈக்கோக்கள் பலவற்றில் உள்ள 155/65 ஆர்13 டயரின் விட்டம் சுமார் 532 மில்லிமீட்டர். 165/70 ஆர்13 போட்டால் 561. விட்டம் 29 மில்லிமீட்டர் கூடினாலும் அச்சு உயர்வது அதில் பாதி, 15 மில்லிமீட்டருக்கும் குறைவு. வேகமானி 60 காட்டும்போது வண்டி உண்மையில் 63க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். முழுச் சுமையில் அகலமான டயர் சக்கர வளைவில் உரசலாம்.

உரசல் தடம் சைலன்சரிலோ, முன் குறுக்குச் சட்டத்திலோ, பக்கவாட்டுச் சட்டத்திலோ இருந்தால்தான் பாடியை உயர்த்துவதில் அர்த்தம் உண்டு.

வேகத்தடையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட ஐஆர்சி 99 வழிகாட்டியின்படி, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டிய வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். ஈக்கோவுக்கு நிறுவனம் சொல்லும் தரை இடைவெளி 160 மில்லிமீட்டர். முறையாகக் கட்டிய வேகத்தடையில் நல்ல நிலையில் உள்ள ஈக்கோ உரசக் காரணமே இல்லை. ஒரு முழம் அகலத்தில் செங்குத்தாகத் தாரைக் கொட்டி எழுப்பிய மேடுகள்தான் வேன்களை உரச வைக்கின்றன. குற்றம் சாலையில் இருக்கும்போது அதற்கான தண்டத்தை வண்டிக்காரர் பட்டறையில் கட்டுகிறார். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தொய்ந்ததை மீட்பது வேறு, உயர்த்துவது வேறு

பல ஆண்டு பாரம் சுமந்த ஸ்பிரிங் தொய்ந்து போகும். பட்டைகளின் வளைவு நிமிர்ந்துவிடும். இப்படி 20, 30 மில்லிமீட்டர் இழந்த வேனுக்குத் தேவை புது ஸ்பிரிங் மட்டுமே. அதைப் போட்டால் தயாரிப்பாளர் வகுத்த உயரம் திரும்பிவிடும். கீழே சொல்லப்போகும் சிக்கல் எதுவும் வராது.

தொய்வைக் கண்டுபிடிக்க, சக்கரத்தின் நடுமையத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள சக்கர வளைவின் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர்க் காற்றின் வேறுபாடு கணக்கைக் கெடுத்துவிடும். இடது, வலது அளவுகள் 10 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டாலோ, அதே மாடலின் நல்ல வண்டியைவிடக் குறைவாக இருந்தாலோ, உங்கள் பிரச்சினை பெரும்பாலும் தொய்வுதான். உயர்த்தும் யோசனையை அப்போதே விட்டுவிடலாம்.

ஷாக்கின் நீளக் கணக்கு

பாடியை உண்மையாகவே உயர்த்துவதென்று முடிவானால் ஷாக் அப்சார்பர் மறுபடியும் கணக்குக்குள் வருகிறது. சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம், எவ்வளவு மேலே ஏறலாம் என்பதன் எல்லையை பல வேன்களில் அதன் நீளம்தான் தீர்மானிக்கிறது.

விளக்கத்துக்காக ஒரு பின் ஷாக்கை எடுத்துக்கொள்வோம். முழுதாக அமுங்கினால் 300 மில்லிமீட்டர், முழுதாக நீண்டால் 480. வண்டி நிற்கும்போது 390. அதாவது கீழே தொங்க 90, மேலே ஏற 90. மேலே ஏறும்போது ஷாக் 310 ஆகும் இடத்தில் பம்ப் ஸ்டாப் ரப்பர் தடுத்துவிடும். உலோகத்தோடு உலோகம் மோதாமல் இருக்க அந்தக் கடைசி 10 மில்லிமீட்டர் மிச்சம் வைக்கப்படுகிறது.

1. ஸ்பிரிங்கால் பாடியை 40 உயர்த்தி, ஷாக்கைத் தொடாமல் விட்டால்: நிற்கும் நீளம் 430. தொங்க மிச்சம் 50 மட்டும். மேட்டைத் தாண்டிச் சக்கரம் இறங்கும்போது பிஸ்டன் குழாயின் மேல்முனையில் போய் இடிக்கும். அந்தக் கணத்தில் அச்சின் முழு எடையும் ஷாக்கின் தண்டிலும், முனையில் போல்ட் போகும் வளையமான 'கண்'ணின் ரப்பர் புஷ்ஷிலும் தொங்குகிறது. டக் என்ற சத்தம் வரும். சில மாதங்களில் எண்ணெய் கசியும் அல்லது கண் அறுந்துபோகும்.

2. ஷாக்கின் அடியில் 40 மில்லிமீட்டர் நீட்டிப்புத் துண்டு போட்டால்: ஷாக் மீண்டும் 390இல் நிற்கும். தொங்கும் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் ஷாக்கும் துண்டும் சேர்ந்து அமுங்கக்கூடிய குறைந்தபட்ச நீளம் இப்போது 340. பம்ப் ஸ்டாப் வேலை செய்வதோ 310இல். ரப்பர் தொடுவதற்கு 30 மில்லிமீட்டர் முன்பே ஷாக் அடிமுட்டிவிடும். முழுச் சுமையோடு பள்ளத்தில் விழும்போது பிஸ்டன் அடிவால்வில் இடிக்கும். ஆகவே இந்த வழியில் பம்ப் ஸ்டாப்பையும் குறைந்தது 30, பாதுகாப்பாக 40 மில்லிமீட்டர் கீழே இறக்கியே ஆக வேண்டும். பட்டறைகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த வேலைதான்.

3. நீளமான ஷாக் வாங்கினால்: திறந்த நீளம், அதாவது முழுதாக நீண்ட அளவு, 520 வேண்டும். குழாய், வால்வு, கண் ஆகிய அசையாத பகுதிகள் 120 மில்லிமீட்டர் என்றால், மீதி 400இல் பாதியான 200 அசைவு, மூடிய நீளம் (முழுதாக அமுங்கிய அளவு) 320. பம்ப் ஸ்டாப்பை 20 மில்லிமீட்டர் இறக்கினால் போதும். மூன்றில் நல்ல வழி இதுவே. வாங்கும்போது கடைக்காரரிடம் திறந்த நீளத்தை மட்டும் கேட்காமல் மூடிய நீளத்தையும் கேட்க வேண்டும்.

நான்காவதாக ஒரு வழியும் நடைமுறையில் இருக்கிறது. ஷாக்கின் கண்ணை அறுத்து, நடுவில் குழாயோ தகடோ வைத்து வெல்டிங் செய்கிறார்கள். இதை யாரும் செய்யவே கூடாது. உள்ளே எண்ணெயும் அழுத்தத்தோடு அடைத்த வாயுவும் இருக்கின்றன. வெல்டிங் சூட்டில் அழுத்தம் எகிறிக் குழாய் வெடிக்கலாம், அருகில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. வெடிக்காமல் தப்பினாலும், கருகிய சீல் வழியே எண்ணெய் ஒழுகி ஷாக் வெறும் குழாயாகிவிடும்.

முன்பக்கம் ஒவ்வொரு வேனிலும் வேறு

ஈக்கோ, ஆம்னி இரண்டிலும் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. இதில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தண்டில் சேர்ந்திருக்கும். அந்தத் தண்டே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணாகவும் இருக்கிறது. "ஷாக்கை மாற்றி உயர்த்துவது" என்ற பேச்சு பரவ இந்த அமைப்பே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினால் ஸ்பிரிங்கும் கூடவே வந்துவிடுவதால், உயரம் ஷாக்கிலிருந்து வருவதாகத் தோன்றுகிறது.

இங்கே உயரம் கூட்டும் துண்டான ஸ்பேசர் வைக்க இரண்டு இடம் உண்டு. ஸ்ட்ரட்டின் தலைக்கும் பாடிக்கும் நடுவே வைத்தால் ஷாக்கின் அசைவு அளவு மாறாது. ஆனால் சக்கரம் முன்பைவிடக் கீழே தொங்கும். சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கீழ்க்கையின் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டும், ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் டை ராட்டின் முனையும் தங்கள் கோண எல்லைக்குத் தள்ளப்படும். ஸ்பிரிங்குக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே வைத்தால் ஜாயின்ட்டுகள் தப்பிக்கும், ஆனால் தொங்கும் அசைவு குறையும். இரண்டாவதில் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் மேல் நட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் தெறித்து ஆளைக் கொல்லக்கூடும்.

கேடிஎச் ஹையேஸின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. நீளவாக்கில் கிடக்கும் முறுக்குக் கம்பி எடையைத் தாங்குகிறது. அதன் முனையிலுள்ள சரிசெய்யும் போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் உயரும். புதுப் பாகம் எதுவும் வேண்டாம் என்பதால் கை வைக்கத் தோன்றும். போல்ட்டை இறுக்குவதால் கம்பியின் விறைப்பு கூடுவதில்லை, பாடி நிற்கும் இடம் மட்டும் மாறுகிறது. அதிகம் இறுக்கினால் மேல்கை எப்போதும் கீழ் எல்லை ரப்பரை ஒட்டியே இருக்கும். சிறு பள்ளத்திலும் வண்டி தூக்கிப் போடுவதற்கு அதுவே காரணம்.

பட்டை ஸ்பிரிங் உள்ள பின்பக்கம்

ஆம்னியிலும் கேடிஎச்சிலும் பின்னால் பட்டைகள். பட்டையின் ஒரு முனையைப் பாடியோடு இணைத்துத் தொங்கும் ஷேக்கிளை 50 மில்லிமீட்டர் நீளமாக்கினால் வண்டி 50 உயராது. அச்சு பட்டையின் நடுவில் இருப்பதால் 25தான் உயரும். கூடவே அச்சு சற்றுத் திரும்பி, எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் மாறும். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பது இன்னொரு வழி. பட்டை அச்சுக்கு மேலே இருந்தால்தான் அந்தக் கட்டை வண்டியை உயர்த்தும். கீழே இருந்தால் அதே கட்டை தாழ்த்திவிடும். கட்டை வைத்தால், அச்சையும் பட்டையையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட் நீளமானதாக வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டை அடுக்கக் கூடாது.

ஈக்கோவின் பின்பக்கம் பட்டை கிடையாது, சுருள் ஸ்பிரிங்தான். சுருளுக்குள் திணிக்கும் ரப்பரைப் பலர் போடுகிறார்கள். அது உயரத்தைக் கொஞ்சம் கூட்டும், ஆனால் சில சுற்றுகளை வேலை செய்யவிடாமல் முடக்குவதால் ஸ்பிரிங் விறைப்பாகும். வெறும் வண்டியில் குலுக்கல் கூடும். மீதிச் சுற்றுகள் கூடுதல் வளைவைச் சுமந்து சீக்கிரம் முறியவும் கூடும்.

உயர்ந்த பிறகு மாறுபவை

1. பின் பிரேக். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத பல வேன்களிலும் சிறு சரக்கு வண்டிகளிலும் பின் அச்சிலிருந்து ஒரு சிறு தண்டு பாடியிலுள்ள வால்வுக்குப் போகும். பாடிக்கும் அச்சுக்கும் இடைவெளி குறைந்தால் சுமை அதிகம் என்று அறிந்து பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். இடைவெளி அதிகமானால் வண்டி காலி என்று அறிந்து குறைக்கும். 40 மில்லிமீட்டர் உயர்த்திய வேனில் எட்டுப் பேர் இருந்தாலும் அந்த வால்வுக்கு வண்டி காலிதான். பின் பிரேக் பாதியாகப் பிடிக்கும், முன் பிரேக் சூடேறும், நிற்கும் தூரம் கூடும். வால்வின் தண்டைத் தாங்கும் பிராக்கெட்டை உயர்த்திய அளவுக்கு ஏற்பச் சரிசெய்யாமல் வேனைச் சாலைக்கு எடுக்கக் கூடாது.

2. கவிழும் வாய்ப்பு. இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் நிலைத்தன்மை எண் கிடைக்கும். ஈக்கோவின் முன்சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 1,280 மில்லிமீட்டர். மைய உயரம் 640 என்று வைத்துக்கொண்டால் எண் 1.00. பாடியை 40 உயர்த்தினால் அச்சும் சக்கரமும் கீழேயே இருப்பதால் மையம் ஏறத்தாழ 35 உயரும், எண் 0.95 ஆகும். ஏற்கெனவே குறுகலாகவும் உயரமாகவும் உள்ள வண்டிக்கு இந்த ஐந்து விழுக்காடு சிறிய இழப்பல்ல. மேலே கேரியரில் சாமான் கட்டினால் இன்னும் குறையும்.

3. ஸ்டீயரிங்கும் ஹெட்லைட்டும். பின்பக்கத்தை மட்டும் 40 உயர்த்தினால், 2,350 மில்லிமீட்டர் வீல்பேஸ் (முன் பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) உள்ள ஈக்கோ ஏறத்தாழ 1 டிகிரி முன்னால் சாயும். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரும் சக்தி குறையும். ஹெட்லைட் ஒளி 10 மீட்டர் தூரத்தில் 17 சென்டிமீட்டர் கீழே விழும். முன்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் அதே 17 சென்டிமீட்டர் மேலே போய் எதிரில் வருபவரின் கண்ணைக் கூசும்.

4. புரொப்பல்லர் ஷாஃப்ட். ஷாஃப்ட்டின் முனையிலுள்ள மூட்டான கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் சுழலும்போது வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடிக் குறையும். 5 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் 0.4 விழுக்காடு, 10 டிகிரியில் 1.5 விழுக்காடு. கோணம் இரட்டிப்பானால் அதிர்வு நான்கு மடங்காகிறது. ஷாஃப்ட் எவ்வளவு குட்டையோ, அதே உயர்வுக்குக் கோணம் அவ்வளவு அதிகமாகும்.

5. பிரேக் ஹோஸ். சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரு எல்லைக்கும் திருப்பி, ஹோஸ் எங்கும் இழுபடவில்லை என்று பார்க்க வேண்டும்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றமே 'மாற்றம்' என்றும் அந்தப் பிரிவு விளக்குகிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தத் தடையைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.

தொய்ந்த ஸ்பிரிங்குக்குப் பதில் அதே அளவுப் புது ஸ்பிரிங் போடுவது பழுதுபார்ப்பு. அதில் சட்டச் சிக்கல் இல்லை. கட்டை, ஸ்பேசர், பெரிய டயர் என்று போகும்போது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே எழுத்துமூலம் கேட்டுவிடுவது நல்லது. விபத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி எழுந்தால் உரிமையாளர் பக்கம் பேச எதுவும் இருக்காது.

வேலையை முடிக்கும்போது

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் உயர்த்தத்தான் வேண்டும் என்றால், 25 முதல் 30 மில்லிமீட்டரோடு நிறுத்துவது என் பரிந்துரை. அந்த அளவுக்குள் ஜாயின்ட்டுகளும் ஷாஃப்ட்டும் பொதுவாகத் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே மாற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

முன் பின் இரண்டையும் ஒரே அளவு உயர்த்துங்கள். அன்றே வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும், ஸ்பிரிங் படிந்திருக்கும் என்பதால், அலைன்மென்ட்டை மறுபடி பார்த்து யூ போல்ட்டுகளையும் மீண்டும் இறுக்குங்கள்.

மெக்கானிக்கிடம் கட்டாயம் சொல்லிவைக்க வேண்டியது, புஷ் போல்ட்டுகளைப் பற்றியது. ஷாக்கின் கண், கீழ்க்கை, பின் இணைப்புக் கைகள் ஆகியவற்றின் ரப்பர் புஷ்கள் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கின்றன. வண்டி ஜாக்கியில் தொங்கும்போது அந்தப் போல்ட்டுகளை இறுக்கினால், தரையில் இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கியபடியே இருந்து விரைவில் கிழியும். கையால் மட்டும் மாட்டிவிட்டு, நான்கு சக்கரமும் தரையில் பட, வழக்கமாக ஏற்றும் எடையில் பாதியையாவது ஏற்றி வைத்து, அதன் பிறகே ஸ்பேனரால் இறுக்க வேண்டும்.